விலைக்கு வாங்கியது ஒன்று, குற்றச்சாட்டு வேறொன்று: ஆன்லைன் எம்.பி.ஏ. மாணவிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரே கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 31. ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வேலையை விடாமல் படிக்க எண்ணி ஒரு பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு ஆன்லைன் எம்.பி.ஏ. படிப்பில் சேர்ந்து, இப்போது நான்காவது செமஸ்டரில் இருக்கிறார். இரண்டாவது செமஸ்டரின்போது மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட, மூன்று வாரம் மருத்துவமனையிலேயே கழிந்தது. இரண்டு பாடங்களின் அசைன்மென்ட்டுகளுக்குக் கடைசித் தேதி நெருங்கிய நிலையில், டெலிகிராம் குழு ஒன்றில் அறிமுகமான ஒருவருக்கு 3,500 ரூபாய் அனுப்பி, தன் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் இரண்டு அசைன்மென்ட்டுகளையும் எழுதிப் பதிவேற்றியதோடு, அந்தப் பாடங்களுக்கான நான்கு க்விஸ்களையும் இவர் பெயரிலேயே உள்ளே நுழைந்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அப்படி எதுவும் செய்யவில்லை என்கிறார் வாசகி.

இப்போது வந்திருப்பது வேறு சிக்கல். நூல் விலை ஏற்றம் விசைத்தறிக் கூடங்களின் நடைமுறை மூலதனத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் அவருடைய ப்ராஜெக்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் போய் 40 தறி உரிமையாளர்களைச் சந்தித்து, படிவம் நிரப்பி, அறிக்கையை முதலில் தமிழில் எழுதியிருக்கிறார். அதைப் பகுதி பகுதியாகக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு ஆங்கிலமாக்கி, இலக்கணம் திருத்தும் செயலி ஒன்றில் சரிசெய்து சமர்ப்பித்திருக்கிறார். அறிக்கையில் 72 விழுக்காடு செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டதாக மென்பொருள் காட்டுவதாகவும், ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தந்து, பின்னர் குழுவின் முன் ஆஜராக வேண்டும் என்றும் பல்கலைக்கழகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அதே வாரத்தில் அந்த டெலிகிராம் ஆளும் திரும்ப முளைத்து, 25,000 ரூபாய் தராவிட்டால் பழைய உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பல்கலைக்கழகத்துக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுவதாக மிரட்டுகிறார். கணவருக்கு இந்த இரண்டில் எதுவும் தெரியாது.

“அன்று செய்ததற்குத்தான் கடவுள் இன்று தண்டிக்கிறார், பேசாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாமா, அல்லது பணத்தைக் கொடுத்து அந்த ஆளின் வாயை அடைத்துவிட்டு, ப்ராஜெக்டுக்கு மட்டும் போராடலாமா? ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா? ஆன்லைன் படிப்பில் எல்லோரும் செய்வதுதானே, என்னை மட்டும் ஏன்?” என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில் ஒரு சிறு கேள்வியும் இருக்கிறது: ஒரு படிவத்தில் மகள் கிரேயானால் கிறுக்கிவிட்டாள், குழுவிடம் காட்டும் கட்டிலிருந்து அதை எடுத்துவிடலாமா?

சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு விவகாரங்கள் இருக்கின்றன. ஒன்றில் நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள், அதைப் பற்றிப் பல்கலைக்கழகம் இன்னும் உங்களிடம் கேட்கவில்லை. மற்றொன்றில் கேள்வி வந்திருக்கிறது, அதில் நீங்கள் செய்ததாகச் சொல்லப்படும் தவறைச் செய்யவில்லை. முதலாவதன் குற்ற உணர்வில் இரண்டாவதை ஒப்புக்கொள்ள நினைக்கிறீர்கள். இரண்டாவதைக் காப்பாற்றிக்கொள்ள முதலாவதை மறைக்கப் பணம் கொடுக்கவும் நினைக்கிறீர்கள். இரண்டுமே உங்களுக்குக் கேடு. செய்ததை மறுக்கவும் வேண்டாம், செய்யாததை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

சிறை பற்றிய பயம்

2024-ஆம் ஆண்டின் பொதுத் தேர்வுகள் (முறைகேடுகள் தடுப்பு) சட்டத்தைச் செய்தியில் படித்துவிட்டு, பத்தாண்டுச் சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. 2024 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த அதன் அட்டவணையில் இருப்பவை யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே தேர்வு வாரியங்கள், ஐபிபிஎஸ், தேசியத் தேர்வு முகமை ஆகியவையும் மத்திய அரசுத் துறைகளும் நடத்தும் தேர்வுகள்தான். பல்கலைக்கழகங்களின் செமஸ்டர் மதிப்பீடுகள் அதில் இல்லை. வினாத்தாளைக் கசியவிடுபவர்களையும், கும்பலாக முறைகேடு நடத்துபவர்களையும் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் அது. அந்தத் தேர்வுகளை எழுதுபவர்களைக்கூட, தேர்வு நடத்தும் அமைப்பின் நிர்வாக விதிகளுக்கே விட்டுவிடுகிறது.

அதற்காக, சட்டப் புத்தகத்தில் உங்கள் செயலைத் தொடும் வரியே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஒருவர் இன்னொருவர் பெயரில் கணினி வழியாக நுழைந்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆவது பிரிவும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியதுதான். தெரிந்தே பாஸ்வேர்டைக் கொடுத்த உங்களை உடந்தை என்று வாதிட ஒருவர் முயலலாம். ஆனால் உள்மதிப்பீட்டு க்விஸ் ஒன்றுக்காக ஒரு பல்கலைக்கழகம் காவல் நிலையப் படியேறியதை என் தொழில் அனுபவத்தில் நான் கண்டதில்லை. இவை நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலேயே தொடங்கி அங்கேயே முடிபவை. எனவே நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது மதிப்பெண் பற்றியும், இழக்கக்கூடிய ஒரு செமஸ்டர் பற்றியும், கடைசியில் பட்டம் பற்றியும்தான்.

72 என்ற எண்

“60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவையே ரத்து செய்ய யுஜிசி விதி சொல்கிறது, எனக்கு 72 வந்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் அளவை இரத்த அழுத்த அட்டவணையில் வைத்துப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளை. அதில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓராண்டு தடை. 60-க்கு மேல் பதிவு ரத்து. இந்த எண்கள் எல்லாம் உங்கள் எழுத்து ஏற்கெனவே வெளியான பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அளப்பவை. ஒரு இயந்திரம் எழுதியதா என்ற கேள்வியே அந்த விதிகள் எழுதப்பட்ட காலத்தில் இல்லை. மேலும், அந்த ஒழுங்குமுறைகள் அசைன்மென்ட், ப்ராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றைத் தங்கள் வரம்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. ஆகவே உங்கள் மேல் எந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்பதே முதல் கேள்வி. அது உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தேர்வு விதியாகவோ ப்ராஜெக்ட் வழிகாட்டுதலாகவோதான் இருக்க முடியும். நோட்டீஸில் விதி எண் குறிப்பிடப்படவில்லை என்றால் அதைக் கேட்டு எழுதுங்கள்.

இனி அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் “இந்த வரி இன்ன நூலில் இருக்கிறது” என்று கைகாட்டும். நீங்கள் போய்ச் சரிபார்க்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருளுக்கு அப்படிக் கைகாட்ட எந்த மூலமும் கிடையாது. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது, வாக்கியங்கள் எவ்வளவு சீராக இருக்கின்றன என்பன போன்ற அடையாளங்களை அளந்து, இயந்திர எழுத்தைப் போலத் தோன்றும் பகுதி எவ்வளவு என்று ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், தெரிந்த சொற்களைக் கொண்டு, சின்னச் சின்ன வாக்கியமாகக் கவனத்தோடு எழுதும் நம்மைப் போன்றவர்களின் எழுத்து இந்த அளவுகோலில் சிக்கிக்கொள்வது வியப்பில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திர எழுத்து என்று தவறாக முத்திரை குத்தின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இவற்றை உங்கள் விளக்கத்தில் ஓரிரு வரியில் குறிப்பிடலாம்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். “நான் ஏ.ஐ. எதையும் பயன்படுத்தவே இல்லை, வெறும் டிரான்ஸ்லேட்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவிதான். உங்கள் அறிக்கையின் ஆங்கில வாக்கியங்களைக் கட்டியது அந்த இயந்திரம், அதன்மேல் மெருகு ஏற்றியது இன்னொரு செயலி. மென்பொருள் உங்கள் விஷயத்தில் தடுமாறியிருக்கலாம்; உண்மையிலேயே இயந்திரத்தின் வாசனையைப் பிடித்துமிருக்கலாம். ஆகவே மென்பொருள்மேல் மட்டும் பழிபோட்டு எழுதுவது ஆபத்து. சிந்தனை யாருடையது, தகவல் யார் திரட்டியது, முடிவு யாருடையது என்பதில் உங்கள் நிலை உறுதியானது. மொழி எப்படி ஆங்கிலமானது என்பதை நீங்கள் மறைக்காமல் சொல்லும்வரைதான் அந்த உறுதியும் நிற்கும். மொழிபெயர்ப்புக் கருவியைப் பற்றி உங்கள் ப்ராஜெக்ட் கையேடு என்ன சொல்கிறது என்று இன்றே பாருங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் அது உங்களுக்குச் சாதகம். அறிவித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று இருந்தால், அறிவிக்காமல் விட்டது உங்கள் குறை. அதை ஒப்புக்கொண்டு, திருத்திச் சமர்ப்பிக்க அனுமதி கேளுங்கள். தடை என்றே இருந்தால் குறை இன்னும் பெரிது. அப்போதும், பிறர் எழுதியதை வாங்கிச் சமர்ப்பித்தவரோடு உங்களை ஒன்றாக வைக்கக் கூடாது என்று வாதிட உங்களுக்கு இடம் உண்டு.

விளக்கக் கடிதம்

ஏழு நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள். போதாது என்றால், கெடு முடியும் முன்பே, மென்பொருள் தந்த முழு அறிக்கையின் நகலையும் விதியின் நகலையும் கேட்டு, அவை கிடைத்த பிறகு பதில் தர அவகாசம் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். என்ன ஆதாரம் என்று காட்டாமல் விளக்கம் கேட்பது முறையாகாது. தேர்வு முறைகேட்டுக்காக ஒரு மாணவரைத் தண்டிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே, உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியத்தைப் பற்றிய வழக்கில் சொல்லிவிட்டது.

அதே வாரியம் சம்பந்தப்பட்ட இன்னொரு தீர்ப்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மாணவர்களின் விடைத்தாளில் ஒரே மாதிரியான தவறுகள் இருந்ததை வைத்துக் குழு எடுத்த முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. அதாவது, கொலை வழக்கில் கேட்பது போன்ற சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தைக் கல்விக் குழுவிடம் நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. “அவர்களால் நிரூபிக்க முடியாது” என்ற நம்பிக்கையில் வாய்மூடி இருந்துவிடாதீர்கள். நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதை நீங்களே காட்டுவது மேல்.

காட்டுவதற்கு உங்களிடம் நிறையவே இருக்கிறது. 40 படிவங்கள், தமிழில் எழுதிய கையெழுத்துப் பிரதி, கணினிக் கோப்பின் பழைய பதிப்புகளும் அவற்றின் தேதிகளும், தறிக்கூடங்களில் கைப்பேசியில் எடுத்த படங்கள், வழிகாட்டிப் பேராசிரியரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, எண் போட்டு, விளக்கத்தோடு இணையுங்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் போடுவதற்கு முந்தைய தமிழ்ப் பத்தி ஒன்றையும், அதன் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பத்துப் பக்க வாதத்தைவிட அது அதிகம் பேசும். ப்ராஜெக்டின் எந்தப் பகுதியிலும் வாய்மொழியாகக் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லத் தயார் என்று நீங்களே முன்வந்து எழுதுங்கள். நூல் விலை கிலோவுக்கு எவ்வளவு ஏறியபோது எத்தனை கூடங்கள் சொந்தமாக நூல் வாங்கி நெய்வதை விட்டுவிட்டுக் கூலி நெசவுக்கு மாறின என்று, யாரோ எழுதிக் கொடுத்ததைச் சமர்ப்பித்தவரால் தட்டுத்தடுமாறாமல் சொல்ல முடியாது.

ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நீங்கள் அனுப்பியிருக்கும் வரைவில், “என் படிப்புக் காலம் முழுவதும் நான் எந்த விதியையும் மீறியதில்லை” என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். நோட்டீஸ் கேட்பது ப்ராஜெக்ட் அறிக்கையைப் பற்றி; அதற்கு மட்டும், அதற்கு முழுமையாகப் பதில் சொல்லுங்கள். கேட்காத இடத்தில் நற்சான்று எழுதிக்கொண்டால், நாளை டெலிகிராம் ஸ்கிரீன்ஷாட் ஒன்று மேசைக்கு வரும்போது அந்த ஒரு வரி உங்கள் 40 படிவங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

பழைய விவகாரம்

அஞ்சல்வழியில் முதுகலை படித்த காலத்தில், சீனியர் ஒருவரின் அசைன்மென்ட்டை வரிக்கு வரி பார்த்து எழுதி நானும் அனுப்பியிருக்கிறேன். ஆகவே உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான். ஆனால் நீங்கள் “அசைன்மென்ட் வாங்கியதுதான் தவறு, க்விஸ் சும்மா ஐந்து ஐந்து மார்க்தானே” என்று எழுதியிருப்பது தலைகீழ். விலைக்கு வாங்கிய அசைன்மென்ட், பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டும் குற்றம். உங்கள் பெயரில் இன்னொருவர் நுழைந்து க்விஸ் எழுதியது ஆள்மாறாட்டம். பொதுவாகப் பல்கலைக்கழக விதிகளில் பின்னதற்குத்தான் தண்டனை கடுமை. ஆன்லைன் படிப்பில் மாணவரின் முகத்தை ஆசிரியர் பார்ப்பதில்லை. உள்ளே நுழைந்தவர் இவர்தான் என்பதற்கு அந்தப் பாஸ்வேர்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்பது குழுவின் முன் எடுபடாது. கொரோனா காலத்து ஆன்லைன் தேர்வுகளில் எத்தனையோ பேர் குழுவாக உட்கார்ந்து எழுதினார்கள் என்பது ஊரறிந்தது. அதன் பலனை ஒழுங்காக எழுதியவர்களும் சேர்ந்தே சுமக்கிறார்கள்: ஆன்லைன் பட்டம் என்றதும் நேர்காணலில் ஒரு புருவம் உயர்கிறது. நேரடி வகுப்பில் படித்துப் பெற்ற பட்டத்துக்கு இது சமம் என்று யுஜிசி விதி சொன்னாலும், அந்தப் புருவத்தை விதியால் இறக்க முடிவதில்லை.

சரி, இதைத் தானாகச் சொல்ல வேண்டுமா? நோட்டீஸில் கேட்காததைச் சொல்லும் சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. சொல்லாமல் இருந்தால் இப்போதைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் உங்கள் இரகசியம் ஏற்கெனவே விலைக்கு வந்துவிட்டது. அதை வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வெளியிடலாம். குழு அதை அவரிடமிருந்து தெரிந்துகொண்டால், நீங்கள் மறைத்தவர். உங்களிடமிருந்து தெரிந்துகொண்டால், மாமனாரின் மருத்துவமனை ஆவணங்களோடு வந்து ஒப்புக்கொண்டவர். யுஜிசியின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஆன்லைன் படிப்பில் உள்மதிப்பீட்டின் பங்கு அதிகபட்சம் 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வின் பங்கு குறைந்தது 70. இறுதித் தேர்வுகளை நீங்களே எழுதித் தேறியிருக்கிறீர்கள். எனவே நான் எதிர்பார்ப்பது அந்த இரண்டு பாடங்களின் உள்மதிப்பீட்டை ரத்து செய்து மறுபடி எழுதச் சொல்வது. மோசமாகப் போனால் அந்த இரண்டு பாடங்களோ முழுச் செமஸ்டரோ ரத்தாகி, பட்டம் ஆறு மாதமோ ஓராண்டோ தள்ளிப் போகலாம். இன்னும் கடுமையான விதியும் இருக்கக்கூடும் என்பதால், உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிய பிறகே முடிவெடுங்கள்.

என்னைக் கேட்டால், சொல்லிவிடுங்கள் என்பேன். ப்ராஜெக்ட் விளக்கத்தில் இதைக் கலக்காமல் தனிக் கடிதமாக, குழு கூடும் நாளுக்கு முன்பே, படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். எந்தப் பாடங்கள், எத்தனை க்விஸ், எவ்வளவு பணம், எந்தச் சூழ்நிலை என்பதை ஒரு பக்கத்துக்குள் சொல்லி, மறுபடி எழுத வாய்ப்புக் கேளுங்கள். மாமனாரின் நோயைக் காரணமாகச் சொல்லலாம். அதைக் கேடயமாக நீட்டாதீர்கள். அப்போதே அவகாசம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்பது அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மிரட்டுபவர்

ஒரு பைசா கொடுக்காதீர்கள். இவர் இன்று 25,000 கேட்பது, நீங்கள் அன்று 3,500 கொடுத்தீர்கள் என்பதால்தான். இன்று கொடுத்தால் பட்டமளிப்பு நாளன்று இன்னொரு தொகை கேட்பார். அசைன்மென்ட் எழுதி விற்பவர்கள் பிறகு வாடிக்கையாளரையே மிரட்டுவது உலகெங்கும் நடப்பதுதான். ஆஸ்திரேலியாவில் 2020 முதலும், இங்கிலாந்தில் 2022 முதலும் இப்படி எழுதி விற்பது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டங்கள் மாணவரை விட்டுவிட்டு விற்பவரைப் பிடிக்கின்றன. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவின்படி குற்றம். பணம் கைமாறிவிட்டால் ஏழாண்டு வரை சிறை. அவர் சொல்லப்போவது உண்மைதானே என்று நீங்கள் தயங்குகிறீர்கள். அந்த உண்மையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத அவருக்குத் தடையில்லாமல் இருக்கலாம். அதற்கு ஒரு விலை போட்டு உங்களிடம் கேட்பதுதான் அவரைச் சிக்கவைக்கிறது.

இன்றிரவே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ வைத்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். பதறிப்போய் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவரிடம் ஏற்கெனவே நகல் இருக்கிறது, அழித்தால் உங்களிடம்தான் இல்லாமல் போகும். தேதி, நேரம், அவருடைய பயனர் பெயர், யுபிஐ விவரம் எல்லாம் தெரியும்படி எடுத்து வைத்துக்கொண்டு, “பணம் தர முடியாது” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். பிறகு தேசியச் சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ, மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்த கதையும் அதில் வரும் என்பதை மறைக்க மாட்டேன். பல்கலைக்கழகத்துக்கு முதலில் எழுதிவிட்டால் அந்தத் தயக்கமும் போய்விடும் என்பது, தனிக் கடிதம் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

அலுவலகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிறுவனம் உங்கள் கட்டணத்தைக் கட்டவில்லை, இந்தப் படிப்பைக் காட்டி நீங்கள் பதவி உயர்வும் பெறவில்லை; அவர்களை நீங்கள் ஏமாற்றியதாக எதுவும் இல்லை. கணவரிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். மிரட்டுபவரின் அடுத்த செய்தி அவருக்குத்தான் போகும்.

முடிவு பாதகமாக வந்தால்

முடிவைக் காரணங்களோடு எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்குள் மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் முதலில் அது. அடுத்தது, யுஜிசியின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வைத்திருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழு. அதன் முடிவிலும் நிறைவில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், மென்பொருள் அறிக்கை, குழுவின் நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் அதை நம்பிக் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

உயர் நீதிமன்றத்தைக் கடைசிப் படியாகவே வையுங்கள். 2024-இல் ஹரியானாவில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், விடைத்தாளில் 88 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று தோல்வியாக்கப்பட்ட சட்ட மாணவர் ஒருவர், பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பல்கலைக்கழகம் அவருக்குத் தேர்ச்சி கொடுத்துவிட, வழக்கு அதோடு முடித்துவைக்கப்பட்டது. மென்பொருள் எண்ணை மட்டும் நம்பித் தண்டிக்கலாமா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் பதில் கிடைக்கவில்லை. அதைத் தீர்மானிக்கும் முதல் வழக்காக உங்கள் வழக்கு இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு வழக்கறிஞராக உண்டு. உங்கள் நலனைப் பார்த்தால், குழுவின் அறையிலேயே இது முடிந்துவிடுவதுதான் நல்லது.

மகள் கிறுக்கிய படிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுத்துவிடாதீர்கள், சுத்தமாகப் படியெடுத்து வேறு வைக்கவும் வேண்டாம். படிவங்களின் எண் வரிசையில் அது எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்திலேயே, ஆரஞ்சு நிறக் கிரேயானோடு இருக்கட்டும். கேட்டால், எந்த ஞாயிறு, எந்தத் தறிக்கூடத்திலிருந்து வந்த படிவம் அது என்று சொல்லுங்கள்.